கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண்

ஹார்லன் பல்கலைக்கழகம், நெப்ராஸ்கா
17 அக்டோபர் 1894

எல்மர்,

சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாய். அறைக்கு வந்து பார்த்தால் உன் பெட்டி இல்லை, பூட்ஸ் இல்லை. ஜன்னலோரத்தில் கால்பந்து விதிப்புத்தகம் மட்டும் கிடக்கிறது. இரண்டு வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டியவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? உனக்கு முகத்தைக் காட்ட வெட்கம் என்று பையன்கள் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

ஒருவேளை நீ மறந்திருந்தால், நடந்ததை எழுதுகிறேன். போன சனிக்கிழமை இந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலாக வெளிக் கல்லூரி ஒன்றோடு கால்பந்து ஆடியது. அதற்கு முந்தின வாரப் பயிற்சியில் உன் தோள் எலும்பு முறிந்தது. ஆட்டம் யார் ஊரில் நடக்கிறதோ அவர்கள்தான் நடுவரைக் கொடுக்க வேண்டும். பந்தைக் கையிலெடுத்து ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டினால் நாலு புள்ளி என்பதிலிருந்து எல்லா விதிகளையும் தலைகீழாக ஒப்பிக்கக்கூடியவன் நீ ஒருத்தன்தான் என்று நான்தான் உன்னை நடுவராக நிறுத்தினேன். கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். உள்ளூர் நடுவர் என்றால் உள்ளூர் பையன்களுக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார். ஊர் உலகத்தில் நடப்பதுதான். கிரேஸ்டோன் கல்லூரிக்காரர்கள் அதற்குத் தயாராகத்தான் ரயிலேறி வந்தார்கள்.

கடைசி நிமிஷம்வரை அவர்களும் பூஜ்யம், நாமும் பூஜ்யம். அப்புறம் அந்தத் தடியன் மெக்ரே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் பக்கத்து எல்லைக் கோட்டைப் பார்த்து ஓடிவந்தான். நாங்கள் ஏழு பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினோம். எங்கள் மேல் அவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டு அடியில் பார்த்தபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஊரே பார்த்தது. நீ மட்டும் நிமிர்ந்து, "தாண்டிட்டான். கிரேஸ்டோனுக்கு நாலு புள்ளி" என்றாய். அதோடு தோற்றோம்.

நம் அணி நட்சன் என்னிடம் கேட்டான்: "ஏன்டா, அவனுக்குத் தோள் மட்டும்தான் ஒடஞ்சுதா, கண்ணும் அவிஞ்சு போச்சா?" நான் என்ன பதில் சொல்வது? அணித் தலைவன் நான். எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். விளக்கம் எழுது.

வெர்னன் பிக்ஸ்பி


டிரஸ்காட் பண்ணை
23 அக்டோபர்

வெர்னன்,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

தாண்டினான். பார்த்தேன். சொன்னேன். விளக்கம் அவ்வளவுதான்.

முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு நான் ஊருக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை விடுதிச் சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்ததும் பதினொரு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனீர்கள். பதினொன்றில் நீயும் ஒருத்தன். மற்றவர்கள் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். நீ என் பக்கமே பார்க்கவில்லை. காபியைக்கூட விட்டுவிட்டுப் போனாய். வெறும் கோபமாக இருந்தால் நீ காபியை விடுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கே சோள அறுவடை. கதிர் உரிக்க ஒற்றைக் கை உதவாது, அதனால் குதிரை வண்டி ஓட்டுகிறேன். தங்கை டெல்லா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து கதிரை வீசிக்கொண்டு, நாள் முழுக்க என் வாயைப் பிடுங்குகிறாள். "அண்ணே, உன் ஆளுங்களையே கவுத்துட்டியாமே, பேப்பர்ல போட்டிருக்கான்!" என்றாள். "கவுக்கல. நடந்தத நடந்துச்சுன்னு சொன்னேன்" என்றேன். "அதுக்கா இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?" என்று கேட்டாள். நான் குதிரையைத் தட்டிவிட்டேன்.

ஊரே பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். ஊர் பார்த்தது பந்து கடைசியில் கிடந்த இடத்தை. நான் அதற்கு முன்பே தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீ நிதானமாக ஒருமுறை யோசித்துப் பார்.

எல்மர்


ஹார்லன்
30 அக்டோபர்

எல்மர்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை அணித் தலைவனாக எழுதுகிறேன், அறைத்தோழனாக இல்லை.

விஷயம் பெரிதாகிவிட்டது. அன்றைக்கு நீ புள்ளி கொடுத்ததும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் மைதானத்துக்குள் இறங்கி கிரேஸ்டோன் பையனைக் குடையால் சாத்தினார் அல்லவா, அது பேராசிரியர்கள் கூட்டம்வரை போய்விட்டது. லத்தீன் பேராசிரியர் லாத்ரப் எழுந்து, "பேரு கால்பந்து. பந்த ஒதைக்கறதவிட ஆள ஒதைக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கு. போதாக்குறைக்கு, தோத்தா நடுவர ஒதைக்கணும்னு வேற கெளம்பிட்டாங்க. இது நமக்கெதுக்கு?" என்றாராம். அங்கேயே இழுத்து மூடியிருப்பார்கள். பல்கலைக்கழகத் தலைவர்தான் ஒரு வாய்தா வாங்கிக் கொடுத்தார். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளன்று கிரேஸ்டோன் மறுபடி இங்கே வந்து ஆட வேண்டும். சச்சரவு இல்லாமல் ஆட்டம் முடிய வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமை ஓட்டெடுப்பு. ஆட்டம் நடக்காவிட்டாலோ, அடிதடி ஆனாலோ இங்கே கால்பந்துக்குச் சமாதிதான்.

அணி இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? நட்சன் குதிரைச் சேணத்தோலை வெட்டி எல்லோர் கால்சட்டை இடுப்பிலும் பிடி தைத்துவிட்டான். பந்து வைத்திருப்பவனை அந்தப் பிடியைப் பிடித்துத் தூக்கி, நாங்கள் நாலு பேர் மூட்டைபோல முன்னால் எறிகிறோம். மண்டையைக் காக்க ஜூன் மாசத்திலிருந்து வளர்க்கும் முடி எல்லோருக்கும் காதை மூடிவிட்டது. எங்களைப் பார்த்தால் ஊர்க் குழந்தைகள் ஓடுகின்றன. இந்த முறை கிரேஸ்டோனைத் தரையோடு தேய்க்காமல் அனுப்ப மாட்டோம்.

ஆனால் அவர்கள் தலைவன் ஹைரம் ஸ்லோகம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். "கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தச் செம்பட்டைத் தலையன் நடுவராக நின்றால் வருகிறோம். வேறு யாரையும் உங்கள் ஊரில் நம்ப மாட்டோம்" என்று எழுதியிருக்கிறான்.

ஆகவே நீ வர வேண்டும். பையன்களிடம் பேசிவிட்டேன். உன்னை மன்னித்துவிடுவார்கள்.

வெர்னன் பிக்ஸ்பி, அணித் தலைவன்


டிரஸ்காட் பண்ணை
5 நவம்பர்

அணித் தலைவருக்கு,

வலது கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

மன்னித்துவிடுவார்களா? எதற்கு?

வெர்னன், அந்த விதிப்புத்தகத்தை முதன்முதலில் ஹார்லனுக்குக் கொண்டுவந்தவன் நான். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நீ வாசிக்க, நான் ஓட, எதிராளி கிடைக்காமல் வேலியோடு மோதினோம். ஆள் சேர்க்க அறை அறையாகப் போய்க் கெஞ்சினோம். "பந்துக்காக மண்டைய ஒடச்சுக்க நாங்க என்ன லூசா?" என்று கதவைச் சாத்தினார்கள். அப்படிச் சேர்த்த அணி. முதல் ஆட்டம் எலும்பு முறிந்ததால் கைவிட்டுப் போனது. இரண்டாவது ஆட்டத்திலும் நான் ஓரமாக நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமா? உண்மையைச் சொன்னேன் என்று சாப்பாட்டு மேஜையைவிட்டு ஒதுக்கினீர்கள். இப்போது அதே உண்மையைச் சொல்வான் என்பதற்காக ஆட்டத்தைவிட்டும் ஒதுக்குகிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

வைத்தியர் கட்டை அவிழ்த்துவிட்டார். முந்தாநாள் சோள மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கி வண்டியில் போட்டேன், வலிக்கவில்லை. எனக்கு ஆட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், ஆட வேண்டும்.

நீயாகச் சொல்வாய் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். நீ சொல்வதாக இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். மெக்ரே விழுந்தபோது பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சனின் முழங்காலுக்கும் மெக்ரேயின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழைந்தது. பந்தை இழுத்து இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தது. கட்டைவிரல் நகம் கறுத்த கை. அந்த நகம் நம் அறைக் கதவில் நசுங்கியபோது ஈரத்துணி சுற்றிவிட்டவன் நான்.

அது யார் கை என்று யாரிடமும் சொல்லவில்லை. டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

எல்மர்


ஹார்லன்
14 நவம்பர்

எல்மர்,

எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் அது என் கை இல்லை என்று எழுதினேன். நாலாவதில், எல்லோரும் செய்வதுதானே என்று எழுதினேன். மற்றவற்றை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வழக்கறிஞனாக ஆகப் போகிறவன் தன் கட்சியை வாதாடி வாதாடி, கடைசியில் எதிர்க்கட்சியே சரி என்று ஒப்புக்கொண்ட கதை இது.

என் கைதான். யோசித்துச் செய்யவில்லை. பந்து கைக்கு எட்டியது, இழுத்துவிட்டேன். அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்தேன். நீ "தாண்டிட்டான்" என்றதும், நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் செய்ததெல்லாம் யோசித்துச் செய்தது. மேஜையைவிட்டு எழுந்தது, உன்னிடமே விளக்கம் கேட்டது, மன்னிப்பார்கள் என்று எழுதியது. அதுதான் என்னைக் கொல்கிறது.

வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்து, அறிவிப்பு ஏதாவது உண்டா என்று பல்கலைக்கழகத் தலைவர் கேட்டார். எழுந்தேன். "அன்னிக்குப் பந்து கோட்டத் தாண்டிடுச்சு. அத இந்தப் பக்கம் இழுத்துப் போட்டது நான். எல்மர் டிரஸ்காட் அதப் பாத்தான். என் பேர வெளிய சொல்லாம வசவு வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். அணித் தலைவர் பதவி இனிமே எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முந்நூறு பேர் இருக்கும் கூடம், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வெளியே வந்ததும் நட்சன் என் சட்டையைப் பிடித்தான். "அவன் முன்னால தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போனேனேடா! அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?" என்று கத்தினான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் அழுதான். ஆறடி நாலங்குல ஆள் அழுவதைப் பார்ப்பதற்கு அடியே வாங்கியிருக்கலாம்.

அன்று மாலையே பையன்கள் கூடினார்கள். புதுத் தலைவன் நீ. ஒரு ஓட்டுக்கூட மாறிப் போகவில்லை.

ஸ்லோகத்துக்கும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். இனி ஆட்டமே வேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் பதிலை அப்படியே தருகிறேன்: "எங்களுக்கு வேண்டியது தன் ஆட்களுக்கு எதிராகவும் வாயைத் திறக்கக்கூடிய ஒருத்தன். இப்போது உங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. யாரையாவது ஒருத்தரை நிறுத்துங்கள், வருகிறோம். பின்குறிப்பு: அந்தக் கை தன் விலாவையும் கிள்ளியதாக மெக்ரே சொல்லச் சொன்னான்." கிள்ளவில்லை, எல்மர். அது அபாண்டம்.

நடுவராக நான் நிற்கிறேன், நீ ஆடு. இந்த ஆட்டத்தில் ஓடுவதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பரிகாரம் செய்வதாக நினைத்து உனக்கு ஒரு விரற்கடைகூட விட்டுத்தர மாட்டேன். நீ ஓடிவந்து விழுந்து, பந்து கோட்டுக்குக் குறைந்தால் குறைந்தது என்றுதான் சொல்வேன்.

உன் வெர்னன்


டிரஸ்காட் பண்ணை
19 நவம்பர்

வெர்னன்,

வருகிறேன். சனிக்கிழமை ரயில். அப்பாவிடம் சொன்னேன், "இன்னொரு எலும்பு மிச்சம் இருக்கா?" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. முக்கால்வாசி போய்விட்டது. மீதியை நேரில் இரண்டு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

முந்நூறு பேருக்கு முன்னால் எழுந்து நிற்பது என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உன்னால் முடிந்தது. உன் கடிதத்தை டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவன் கூட நீ பேசலன்னா, உங்கூட நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

விட்டுக்கொடுத்தால் நானே உன் பல்லை உடைப்பேன்.

எல்மர்


லிங்கன் நகரம், பெற்றோர் வீடு
30 நவம்பர்

எல்மர்,

நேற்று ஆட்டம் முடிந்த கையோடு ரயிலேறிவிட்டேன். அம்மா வான்கோழி சமைத்துக் காத்திருந்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ ஆடிய ஆட்டத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். முதல் பாதியில் அவர்கள் நாலு எடுத்ததும் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் நீயும் நட்சனும் பனியில் உழுதுகொண்டு போய் நாலு எடுத்தீர்கள். அதற்கு மேல் கூடுதலாக வரவேண்டிய இரண்டு புள்ளிக்குப் பந்தை உதைக்க இந்த மாநிலத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது போலிருக்கிறது. இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து உதைத்தார்கள்.

பிறகு அந்தக் கடைசி ஓட்டம். நட்சன் உன் இடுப்புப் பிடியைப் பிடித்துத் தூக்கி எறிந்தான். நீ பறந்தாய். உன்மேல் பத்துப் பேர். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டு அடியில் பார்த்தேன். பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண். இரண்டாயிரம் பேர் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாத்ரப் கம்பளிக்குல்லாய் போட்டுக்கொண்டு முதல் வரிசையில். "குறைஞ்சிடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி சத்தமாகச் சொன்னேன். நாலுக்கு நாலு. சமம்.

அந்த மளிகைக்கடைக்காரர் மறுபடியும் குடையோடு இறங்கினார். நீ அவர் முன்னால் போய் நின்றதைப் பார்த்தேன். என்ன சொன்னாய் என்று தெரியவில்லை, அவர் திரும்பிப் போய்விட்டார். ஸ்லோகம் தொப்பியைக் கழற்றி எனக்குக் கைகொடுத்தான். நம் பையன்கள் யாரும் கொடுக்கவில்லை. உன்னிடம் வர எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன், சத்தியம். ஆனால் அன்றைக்குச் செய்த தப்புக்குப் பயந்து, என் கண் எனக்கு எதிராகவே பார்த்துவிட்டதோ? பந்து உன் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நிச்சயமாகத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். குறைவாகத்தான் இருந்ததா? எதுவானாலும் மறைக்காமல் எழுது.

வெர்னன்


ஹார்லன்
2 டிசம்பர்

வெர்னன்,

முதலில் நல்ல செய்தி. நேற்று ஓட்டெடுப்பு நடந்தது. ஒன்பதுக்கு ஐந்து. கால்பந்து இருக்கும். ஒன்பதில் லாத்ரப்பும் ஒருத்தர். "எனக்கு இந்த ஆட்டம் இப்பவும் பிடிக்கல. ஆனா அந்தப் பிக்ஸ்பி பய ரெண்டாயிரம் பேருக்கு நடுவுல நின்னு சொன்னத, என் வகுப்புல முப்பது வருஷமா ஒருத்தனுக்கும் என்னால சொல்லிக்கொடுக்க முடியல" என்றாராம். நீ சமம் என்று சொன்னதால்தான் அணி பிழைத்தது. பையன்களும் அதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். நட்சன் உன் ரயில் என்றைக்கு வருகிறது என்று மூன்று முறை கேட்டுவிட்டான்.

மளிகைக்கடைக்காரரிடம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "நடுவர் சொன்னா சொன்னதுதான் சார். மீதிய என்கிட்ட பேசுங்க" என்றேன். பையன்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

ஆனால் நீ மறைக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். நான் தாண்டிவிட்டேன், வெர்னன். விழுந்தபோது சுண்ணாம்புக் கோடு என் விலாவுக்குக் கீழே இருந்தது. பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு விரற்கடை. மேலே கிடந்த தடியன்கள் எழுந்திருக்கும்போது என்னைப் பீப்பாய் மாதிரி பின்னால் உருட்டிவிட்டார்கள். நீ குனிந்து பார்த்தது உருண்ட பிறகு. நீ பார்த்த நேரத்தில் பந்து குறைவாகத்தான் கிடந்தது. உன் கண் உன்னை ஏமாற்றவில்லை. கொஞ்சம் தாமதமாகக் குனிந்தாய், உன் குற்றம் அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளாதே. உன்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் எழுதியிருக்கலாம். நம் இரண்டு பேருக்கும் இடையில் பொய் போதும் என்றுதான் எழுதவில்லை. எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நேற்று முழுக்க இருந்தது. உன்மேல் இல்லை.

வருகிற அக்டோபரில் நாம் கிரேஸ்டோனுக்குப் போகிறோம். அங்கே நடுவர் அவர்கள் ஆள். பந்து என்னிடம், இடது பக்கம் நீ, பின்னால் பிடியைப் பிடித்துக்கொண்டு நட்சன். கோட்டைத் தாண்டி நாலு கஜம் போய் விழுவோம். எந்த நடுவரும் குனிந்து பார்க்க வேண்டியிருக்காது.

எல்மர்